தறிக்குழியும் நீர்க்கடுப்பும்

காஞ்சிபுரத்துப் பட்டைப் பற்றி எழுதாத பத்திரிகை தமிழ்நாட்டில் இல்லை. ஜரிகையின் மினுமினுப்பையும் முந்தானையின் அழகையும் வர்ணித்து வர்ணித்து நமது எழுத்தாளர்களின் பேனாக்கள் தேய்ந்து போயின. ஆனால் அந்தப் பட்டை நெய்கிற ஸ்திரீ காலை முதல் மாலை வரையில் எத்தனை தடவை தண்ணீர் குடிக்கிறாள், எத்தனை தடவை எழுந்து கொல்லைப்புறம் போகிறாள் என்று யாராவது விசாரித்ததுண்டா? விசாரிப்பது மரியாதை இல்லை என்று எண்ணி விட்டோம். மரியாதையின் பெயரால் நாம் வாய்மூடியிருக்கும் விஷயங்கள் பல. அவற்றில் இது ஒன்று. அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவர்கள் நம் வீட்டுத் தாய்மார்களும் பெண் குழந்தைகளுமே. ஆகையால் நேயர்கள் முகம் சுளிக்காமல் இதைப் படிக்க வேண்டும். குடும்பத்தில் யார் கையில் இந்தப் பக்கம் அகப்பட்டாலும் பாதகமில்லாத முறையிலேயே எழுதுகிறோம்.

ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கைலாசநாதர் கோயில் இருக்கும் பக்கத்திலேதான் பிள்ளையார்பாளையம் இருக்கிறது. விடியற்காலையில் போனால் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டிக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். சற்று வெயில் ஏறியதும் பாவு வீட்டுக்குள் போய்விடும்; தறியின் ஓசை கேட்கத் தொடங்கும். வீட்டின் முன்கூடத்திலேயே தறி. தரையில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்துக் கொண்டு உட்கார்ந்தால், உட்கார்ந்தவர் லேசில் எழுந்திருக்க முடியாது. உடல் ஒரு வர்ணமும் கரை வேறு வர்ணமுமாக நெய்கிற 'கோர்வை'ச் சேலைக்கு ஒருவர் போதாது. ஒரு பக்கத்தில் நெசவாளி. மறுபக்கத்தில் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கத் துணையாள் ஒருவர். முற்காலத்தில் துணையாள் ஒரு சிறுவனாக இருப்பான். சிறுவர்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு (அது நல்ல காரியந்தான்) அந்த இடத்தில் பெரும்பாலும் மனைவியே உட்காருகிறாள். அவள் எழுந்தால் தறி நின்று விடும். கூலியோ சேலைக் கணக்கு. மணிக் கணக்கு அல்ல.

இந்தத் தெருவில் நம்மிடம் படித்த பெண் ஒருத்தியின் தாயாருடன் ஒரு நாள் பேசிக் கொண்டிருந்தோம். தண்ணீர் குடிக்கும் பேச்சு வந்தது.

"தண்ணி குடிச்சா எழுந்திருக்கணுமே, டீச்சரம்மா! நான் எழுந்தா அவரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும். காலையில ஒரு டம்ளர் காப்பி, அதோட சரி. மத்தியானம் சோத்துக்குத்தான் தண்ணி."

"அப்படியானால் நீர்க்கடுப்பு வருமே, அம்மா?"

"வராம இருக்குமா? வெயில் காலத்துல அடிக்கடி வருது. உடம்புச் சூடுன்னு வெந்தயம் ஊறப்போட்டுக் குடிப்பேன். ரொம்பப் போனா மருந்துக் கடையில ரெண்டு மாத்திரை வாங்கிக்குவேன். இதையெல்லாம் டாக்டர் கிட்டப் போய் எப்படிச் சொல்றது?"

நோய் வருகிற வழி, நோய்க்கு நாம் கொடுக்கிற பெயர், தவறான வைத்தியம், வெட்கம் ஆகிய நான்கும் இந்தச் சில வாக்கியங்களில் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் 'சூடு'. நம் பாட்டிமார்கள் சொன்னதை எல்லாம் மூட நம்பிக்கை என்று தள்ளிவிடும் கோஷ்டியில் நாம் சேர மாட்டோம். வெயில் காலத்தில் வியர்வையாக ஜலம் வெளியேறி, குடிப்பதும் குறைந்தால், சிறுநீர் மஞ்சளித்து, சுண்டிப் போகும். அப்போது சற்று எரிச்சல் தோன்றினால், நீர் மோரும் இளநீரும் வெள்ளரிப் பிஞ்சும் பார்லிக் கஞ்சியும் குணம் கொடுக்கத்தான் செய்யும். அவற்றிலுள்ள தண்ணீர் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் கடுப்பு ஒரு நாளில் அடங்காமல், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போக வேண்டும் போலிருந்து, போனால் இரண்டு சொட்டு மட்டும் வந்து, அடிவயிற்றில் வலியும், நீரில் கலங்கலோ ரத்தமோ காணுமானால், அது சூடு அல்ல. கிருமி குடியேறிவிட்டது என்று அறிய வேண்டும். ஸ்திரீகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆயுளில் ஒரு முறையாவது இந்த நோயை அனுபவிக்கிறார்கள் என்று வைத்தியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு இருக்கிற நோய் இது. ஆனால் எந்த வீட்டிலும் பேசப்படுவதில்லை.

அந்தக் கிருமி யார்? நமக்கு அந்நியன் அல்ல. நம் எல்லோருடைய குடலிலும் வாடகையில்லாமல் குடியிருப்பவன்தான். தியோடர் எஷ்ஷரிக் என்ற குழந்தை வைத்தியர், ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில், குழந்தைகளின் மலத்தைப் பூதக் கண்ணாடியில் பரிசோதித்து 1885-ஆம் ஆண்டில் இதைக் கண்டு எழுதினார். பிற்காலத்தில் அவர் பெயராலேயே 'எஷ்ஷரிக்கியா கோலி' என்று அழைத்தார்கள், சுருக்கமாக 'ஈ. கோலி'. குடிதண்ணீரைப் பரிசோதிக்கிறவர்கள் இந்தக் கோலி இனத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். அது தண்ணீரில் இருந்தால் அதில் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். குடலுக்குள் இருக்கும் வரையில் அது பெரும்பாலும் சாதுவான பிராணி. சிறுநீர்ப் பாதையில் ஏறிவிட்டாலோ, கதை வேறு. சாதாரண நீர்க்கடுப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இந்த ஒரே கிருமியினால் வருவதுதான்.

அதே 1885-ஆம் ஆண்டில்தான் சென்னையில் கோஷா ஸ்திரீகளுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது என்பது ஆச்சரியமான பொருத்தம். ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டவும் சொல்லவும் கூசி, வீட்டுக்குள்ளேயே வேதனைப்பட்டு மடிந்த பெண்களைக் கண்டு மனம் இரங்கி, மேரி ஷார்லீப் என்ற பெண் டாக்டர் அதற்கு முன்னின்றார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்றிருப்பது அதுவே. நூற்று நாற்பது வருஷங்கள் ஓடி விட்டன. இன்று தமிழ்நாட்டில் பெண் டாக்டர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால், "டாக்டர் கிட்டப் போய் எப்படிச் சொல்றது?" என்ற கேள்வி மட்டும் பிள்ளையார்பாளையத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது.

நிற்க. ஆண்களை அதிகமாக அண்டாத நோய் ஸ்திரீகளை மட்டும் ஏன் இப்படிப் பிடித்துக் கொள்கிறது? கர்மபலன் ஒன்றுமில்லை, உடலின் அமைப்புத்தான் காரணம். சிறுநீர்ப்பையிலிருந்து வெளிவரும் குழாய் ஆண்களுக்குச் சுமார் 20 செண்டிமீட்டர் நீளம். பெண்களுக்குச் சுமார் 4 செண்டிமீட்டர் மட்டுமே. அதன் வாசலோ மலத்துவாரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. கிருமிக்கு அது அடுத்த தெருவுக்குப் போவது போல. போய்ச் சேர்ந்ததும், தன் உடம்பைச் சுற்றியுள்ள நுண்ணிய மயிர் போன்ற இழைகளால் சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பற்றிக் கொள்கிறது. இழையின் நுனியில் கொக்கி மாதிரி ஒரு புரதம் இருக்கிறது. சுவரிலுள்ள ஒரு விதச் சர்க்கரையில் அது மாட்டிக் கொள்கிறது. ஓடி வருகிற நீர், பிடி இறுகாதவற்றை அடித்துக் கொண்டு போய்விடும். நீரே ஓடாமல் தேங்கிக் கிடந்தால்?

கணக்கு வாத்தியார் புத்தி நம்மை விடாது. வசதியான சூழ்நிலையில் இந்தக் கிருமி சுமார் 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டாகப் பிளக்கும். காலை ஆறு மணிக்கு ஒன்று இருந்தால் ஏழு மணிக்கு எட்டு. எட்டு மணிக்கு 64. பகல் பன்னிரண்டு மணிக்கு 2,62,144. சிறுநீர்ப்பைக்குள் இத்தனை வேகமாக எப்போதும் பெருகுவதில்லை என்பது உண்மை. உடம்பும் சும்மா இருப்பதில்லை. ஆனாலும் ஆறு மணி நேரம் அடக்கி வைப்பது யாருக்கு உபகாரம் என்பதை இந்தக் கணக்கிலிருந்து ஊகிக்கலாம்.

தண்ணீர் குடிப்பதன் பலனை வெறும் பாட்டி வைத்தியம் என்று சொல்லி வந்தவர்களுக்கு 2018-ஆம் ஆண்டில் தக்க பதில் கிடைத்தது. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 ஸ்திரீகளை ஆராய்ச்சியாளர்கள் இரு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியார் தாங்கள் வழக்கமாகக் குடிப்பதோடு தினம் ஒன்றரை லிட்டர் தண்ணீர் அதிகம் குடித்தார்கள். மற்றவர்கள் வழக்கப்படியே இருந்தார்கள். ஒரு வருஷத்தில் வழக்கப்படி இருந்தவர்களுக்குச் சராசரியாக 3.2 தடவை நோய் வந்தது. தண்ணீர் குடித்தவர்களுக்கு 1.7 தடவை. ஏறக்குறையப் பாதி! இதற்கு ஆன செலவு என்ன? காஞ்சிபுரத்தில் ஒரு மண் கூஜாவின் விலை. தறியின் பக்கத்தில், பாவில் தெளிக்காத தூரத்தில், ஒரு கூஜாவை வைத்துக் கொள்வதும், இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் தம்பதிகள் இருவருமே எழுந்து கையைக் காலை நீட்டிக் கொள்வதும் நடக்கக்கூடாத காரியமல்ல. முதுகு வலிக்கும் அது நல்லது. இருதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, தண்ணீரை அளவாகக் குடிக்கும்படி டாக்டர் சொல்லியிருப்பவர்கள் மட்டும் அவர் சொல்லையே கேட்க வேண்டும்.

இனி சுத்தம் என்ற விஷயம். இதில் நம்மவர் இரண்டு விதமாகவும் தவறு செய்கிறார்கள். சிலர் போதாத சுத்தம். சிலர் அளவுக்கு மிஞ்சிய சுத்தம். இரண்டாவது தவறுதான் படித்த குடும்பங்களில் பரவி வருகிறது. ஆகவே அதை முதலில் கவனிப்போம். பிறப்புறுப்பினுள்ளே 'லாக்டோபஸில்லஸ்' என்ற நல்ல கிருமிகள் இயற்கையாகவே வாழ்கின்றன. பாலைத் தயிராக்குகிற கிருமியின் உறவினர்கள் இவை. தயிர் புளிப்பதைப் போலவே, இவையும் அந்த இடத்தைச் சற்றுப் புளிப்பாக வைத்திருக்கின்றன. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் எளிதில் வேரூன்ற முடியாது. எந்தக் கோட்டைக்கும் இதைவிட நல்ல காவல் கிடையாது. நாமோ வாசனைச் சோப்பையும், மருந்து நீரையும், அழகான புட்டிகளில் வருகிற திரவங்களையும் கொண்டு உள்ளே கழுவி, காவல்காரனையே விரட்டி விடுகிறோம். 1930-களில் அமெரிக்காவில் 'லைஸால்' என்னும் கிருமிநாசினியை ஸ்திரீகளின் அந்தரங்கச் சுத்தத்துக்கென்றே பத்திரிகைகளில் விளம்பரம் செய்து விற்றார்கள். தரை கழுவுகிற மருந்து! அதனால் புண்பட்டவர்கள் பலர். இன்று புட்டியின் நிறம் மாறியிருக்கிறது; விளம்பரத்தின் சாரம் மாறவில்லை. பெண்ணின் உடம்பு இயல்பிலேயே அசுத்தமானது என்று அவளை நம்பவைத்து, அப்புறம் அந்தப் பயத்துக்கு மருந்து விற்பது ஒரு வியாபாரம். வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவினால் போதும். உட்புறத்தைக் கழுவவே வேண்டியதில்லை.

கழுவுகிற திசையைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரால் கழுவுவது நம் நாட்டு வழக்கம். அதில் நாம் யாருக்கும் தாழ்ந்தவர்களல்ல. ஆனால் முன்னாலிருந்து பின்னாக என்று கழுவ வேண்டுமேயொழிய, பின்னாலிருந்து முன்னாக வரக் கூடாது. குடலின் குடியானவனை நாமே கையைப் பிடித்து அழைத்து வந்து நீர்ப்பாதையின் வாசலில் விடலாமா? இது ஒன்றே நோயைத் தடுத்து விடும் என்று ஆராய்ச்சிகள் உறுதியாகக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் செலவில்லாத பழக்கம். சிறு பெண்களுக்கு மூன்று நான்கு வயதிலேயே தாயார் கற்பித்து விடலாம். மலச்சிக்கல் உள்ள பெண் குழந்தைகளுக்கு நீர்த்தொற்று அதிகம் என்பதையும் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும். அதற்கு மருந்து கீரையும் பழமும் தண்ணீருந்தான்.

மாதவிலக்கு நாட்களின் துணி இன்னொரு சங்கடம். ஒடிஷாவில் 486 ஸ்திரீகளிடம் செய்து 2015-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், துணியைத் துவைத்துத் துவைத்து உபயோகித்தவர்களிடம், ஒரு தரம் உபயோகித்து எறிகிற பஞ்சணை வைத்தவர்களைவிட, பிறப்புறுப்பு, சிறுநீர்த் தொற்றுகள் அதிகமாகக் காணப்பட்டன. துணியே குற்றவாளி என்று நாம் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். சோப்புப் போட்டு நல்ல ஜலத்தில் அலசி, சுள்ளென்ற வெயிலில் உலர்த்திய துணியால் கெடுதல் குறைவே. ஆனால் நம் பெண்கள் அதை எங்கே உலர்த்துகிறார்கள்? கட்டிலுக்கு அடியில், பாவாடைக்குப் பின்னால், வெளிச்சம் படாத மூலையில். சாயம் போட்ட பட்டு நூலை ஊரறிய வெயிலில் காய வைக்கிற தெருவில், இந்த ஒரு துணிக்கு மட்டும் சூரிய வெளிச்சம் மறுக்கப்படுகிறது! கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் சொற்ப விலையில் பஞ்சணை செய்யும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். சர்க்கார் 2016-இல் பத்மஸ்ரீ அளித்துக் கௌரவித்தது. அந்த இயந்திரத்தை அமைக்கப் புறப்பட்ட காலத்தில், இது ஆண்பிள்ளைக்கு ஏன் என்று அவரை ஊரார் பைத்தியம் என்றார்கள். பைத்தியம் யார் என்பது பிற்பாடு தெரிந்து விட்டது.

புதிதாக மணமான பெண்களுக்குச் சில வாரங்களில் இந்தக் கடுப்பு வருவதுண்டு. அதைப் பற்றியும் தெளிவாகச் சொல்வதே தர்மம். தாம்பத்திய உறவின்போது அக்கம் பக்கத்துக் கிருமிகள் நீர்ப்பாதைக்குள் தள்ளப்படுகின்றன, அவ்வளவே. இது மேக நோயல்ல, கணவனிடமிருந்து தொற்றியதுமல்ல, அவனுடைய ஒழுக்கத்தையோ இவளுடைய ஒழுக்கத்தையோ பற்றிச் சந்தேகிக்க இதில் இடமே கிடையாது. பிறகு சிறிது நேரத்துக்குள் நீர் கழித்து விடுவது நல்ல வழக்கம் என்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவள் பெண்ணைப் பெற்ற தாய். சீர்வரிசையில் எத்தனையோ பாத்திர பண்டங்களை வரிசை வைக்கிறவர்கள், இந்த ஒரு வார்த்தையையும் சேர்த்து அனுப்பலாம்.

கர்ப்பிணிகளின் விஷயம் இதைவிட முக்கியமானது. கர்ப்ப காலத்தில் நூற்றுக்கு இரண்டு முதல் பத்துப் பேர் வரை, கடுப்பு முதலிய எந்த அறிகுறியும் இல்லாமலே சிறுநீரில் கிருமியோடு இருக்கிறார்கள். மற்றவர்களானால் அறிகுறி இல்லாத கிருமிக்குச் சிகிச்சை தேவையில்லை. கர்ப்பிணிக்குக் கட்டாயம் தேவை. விட்டு விட்டால் கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கலாம். குறைமாதப் பிரசவத்துக்கும் காரணமாகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னால், "எனக்கு ஒன்றும் இல்லையே" என்று தட்டிக் கழிக்கலாகாது. ஒன்றும் இல்லாதபோது செய்வதற்குத்தான் அந்தப் பரிசோதனை.

நாற்பத்தைந்து ஐம்பது வயதுக்கு மேல் மாதவிலக்கு நின்ற பிறகு, உடலில் 'ஈஸ்ட்ரோஜன்' என்னும் சுரப்பு குறைந்து, மேலே சொன்ன நல்ல கிருமிகளும் குறைந்து விடுகின்றன. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் பாட்டிமார்களுக்கு அவ்விடத்தில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நல்ல குணம் தருகிறது. டாக்டரைக் கேட்டுப் பெறலாம். நீரிழிவுக்காரர்கள் சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் நீர்க்கடுப்புக்கு மட்டும் மருந்து சாப்பிடுவது ஓட்டைக் குடத்தில் ஜலம் இறைப்பது போலத்தான். குளிர் ஜுரமும், விலாப்புறத்தில் வலியும், வாந்தியும் சேர்ந்தால், கிருமி சிறுநீரகத்துக்குப் போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். அப்போது வெந்தயத்தையும் நெருஞ்சில் கஷாயத்தையும் நம்பி ஒரு நாளைக் கூடக் கடத்தாமல், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி அந்த அம்மாள் மருந்துக் கடையில் வாங்குவதாகச் சொன்ன 'ரெண்டு மாத்திரை'க்கு வருவோம். கட்டுரையில் நமக்கு மிகுந்த கவலை தருவது இந்தப் பகுதிதான். ஆன்டிபயாடிக் மருந்தை இரண்டு மாத்திரை சாப்பிட்டுக் கடுப்புக் குறைந்ததும் நிறுத்தினால், பலவீனமான கிருமிகள் சாகின்றன. பலமுள்ளவை பிழைத்து வம்சம் பெருக்குகின்றன. நீர்க்கடுப்புக்கு ஒரு காலத்தில் சர்வ சாதாரணமாகக் கொடுத்து வந்த 'சிப்ரோஃப்ளாக்ஸஸின்' என்னும் மாத்திரை இன்று நம் நாட்டு ஈ. கோலிகளில் பெரும்பாலானவற்றை ஒன்றும் செய்வதில்லை. நல்ல வேளையாக, 1950-களில் வந்த 'நைட்ரோஃப்யூரண்டாயின்' போன்ற சில பழைய மருந்துகள் சிறுநீர்ப்பைத் தொற்றில் இன்னும் வேலை செய்கின்றன. புதியதும் விலை உயர்ந்ததுமே சிறந்தது என்று நினைக்கிறவர்களுக்கு இது ஒரு பாடம். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், கடைக்காரரல்ல.

இந்த ஆபத்து நம் தமிழ்நாட்டுக்கு வெகு அருகில் வந்து நின்ற சம்பவம் ஒன்று உண்டு. டில்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு 2008-இல் ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சத்தவர் ஒருவரின் சிறுநீரில், கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்துகளையும் சிதைத்து விடுகிற புதுச் சரக்கு ஒன்றை உடைய கிருமி அகப்பட்டது. அதற்கு 'புதுடில்லி'யின் பெயரையே சூட்டினார்கள், சுருக்கமாக 'என்.டி.எம்.-1'. சென்னைச் சர்வகலாசாலையின் தரமணி ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த குமாரசாமி கார்த்திகேயன் முதலானோர் 2010-இல் 'லான்ஸெட்' பத்திரிகைக் குடும்பத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி, சென்னையில் மட்டும் இப்படிப்பட்ட 44 கிருமிகளைக் கண்டதாகக் கூறியது. உடனே தேசமெங்கும் கூச்சல். நம் தலைநகரின் பெயரைக் கிருமிக்கு வைப்பதாவது என்று பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் கொதித்தார்கள். கொதிப்பில் நியாயம் இல்லாமலில்லை. எந்த ஊரின் பெயரும் நோய்க்கு வைக்கத் தக்கதல்ல. ஆனால் பெயரைப் பற்றிச் செலவழித்த ஆவேசத்தில் கால் பங்கையாவது கிருமியைப் பற்றிச் செலவழித்திருந்தால் தேசத்துக்கு லாபம். நல்ல காலம், 2012-இல் வைத்திய சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்கை அடக்கியாள வழி வகுத்தன; அதற்குச் 'சென்னைப் பிரகடனம்' என்றே பெயர். 2014 மார்ச்சு முதல் சில வலுவான மருந்துகளை விற்கிற கடைக்காரர் டாக்டரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனிப் புத்தகத்தில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமாயிற்று. சட்டம் இருக்கிறது. நாம் கேட்காமலிருந்தால் அவரும் கொடுக்க மாட்டார்.

கடுப்பு மீண்டும் மீண்டும் வருகிறவர்கள் சிறுநீரைக் 'கல்ச்சர்' என்னும் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது மடியும் என்பது அதில் தெரியும். முதலில் வருகிற நீரை விட்டு விட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான புட்டியில் பிடித்து, தாமதமின்றி, அதிகமானால் இரண்டு மணிக்குள், பரிசோதனைச் சாலையில் சேர்க்க வேண்டும். காலையில் பிடித்து மாலை வரை வெயிலில் வைத்திருந்தால், புட்டியிலேயே கிருமி பெருகிப் பொய்க் கணக்குக் காட்டும். மருந்து சாப்பிடத் தொடங்கு முன்பே கொடுப்பது அவசியம்.

இத்தனையும் சொன்ன பிறகு, எழுந்து போக இடமும் நேரமும் இல்லாதவளுக்கு என்ன பதில்? சுதந்தரம் வந்த மறு வருஷமே, 1948-இல், தொழிற்சாலைச் சட்டம் செய்தோம். அதன் 19-ஆவது பிரிவு ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கழிப்பிடம் இருந்தாக வேண்டும் என்றது. ஆனால் வீட்டுத் தறி தொழிற்சாலை அல்ல. அங்கே முதலாளி யார், தொழிலாளி யார்? சட்டம் அந்தக் கூடத்தின் படியைத் தாண்டுவதில்லை. அந்தப் பட்டை வாங்கி விற்கிற கடைகளிலோ, ஒரு நாளெல்லாம் நின்று கொண்டே சேலையை விரித்து மடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். இவர்களைப் போன்றவர்களுக்காகக் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையற்காரப் பெண்மணி 'பெண்கூட்டு' என்ற சங்கத்தைச் சேர்த்துப் போராடினார். அவர்கள் முதலில் கேட்டது சம்பள உயர்வல்ல, கழிப்பறை. கடைத் தெருவில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் நின்ற பெண்கள் அவர்கள். அப்புறம் உட்கார நாற்காலி கேட்டார்கள். கேரள சர்க்கார் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. நமது சட்டசபையும் 2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைக் கொடுத்தது. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டு வாங்கப் போகிற நேயர்கள், அங்கே நிற்கிற பெண்ணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று பார்க்கலாம். கூசாமல் கடைக்காரரைக் கேட்கவும் கேட்கலாம்.

பள்ளிக்கூடங்களுக்கு வருவோம், அது நம் சொந்த ராஜ்யம். 2019-இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். மற்ற இடங்களிலும் அந்த வழக்கம் பரவி வருகிறது. அருமையான யோசனைதான். ஆனால் காலையில் நிரப்பி அனுப்பிய தண்ணீர்ப் புட்டி மாலையில் நிரம்பியபடியே வீடு திரும்புவதைத் தாய்மார்கள் கவனித்திருப்பார்கள். காரணத்தைக் கேட்டால் பெண் சொல்ல மாட்டாள். நாம் அறிந்த ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண்களைத் தனியே உட்கார வைத்து விசாரித்ததில், கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக் கொள்ள வேண்டும். இடைவேளை பத்து நிமிஷம். பெண்களோ எழுபது பேர் என்ற விவரம் வந்தது. தலைமை ஆசிரியரிடம் சொன்னோம். ஒரு வாரத்தில் தச்சர் வந்து தாழ்ப்பாள் பூட்டி, ஒரு வாளியும் குவளையும் உள்ளே வைத்தார்கள். இடைவேளையை எட்டாம் வகுப்புக்கு ஒரு நேரமும் ஏழாம் வகுப்புக்கு ஒரு நேரமுமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.